ஊழியமும் பணிவிடையும்

பதிகளிலும் நிழல்தாங்கல்களிலும் அய்யாவுக்கு அன்றாடம் நடக்கும் வழிபாட்டுக்குப் பணிவிடை என்று பெயர். பணி என்றால் வேலைதான். கூட்டிப் பெருக்குவது, தண்ணீர் இறைப்பது, பச்சரிசியும் சிறுபயறும் வேகவைத்து நித்தப்பால் ஆக்குவது எல்லாம் அதற்குள் அடங்கும். தலையில் தலைப்பாகை கட்டிக்கொண்டு செய்கிற வேலை அது.

இந்தச் சொல்லின் அருமை, ஊழியம் என்ற இன்னொரு சொல்லை அறிந்தால்தான் விளங்கும். அய்யா வைகுண்டர் 1809-இல் பிறந்த தென்திருவிதாங்கூரில், ஒடுக்கப்பட்ட சாதியார் கூலியில்லாமல் உழைத்தாக வேண்டும்; அதற்குப் பெயர்தான் ஊழியம். அழைத்தால் சுமை தூக்கப் போக வேண்டும். ஓலை வெட்டிக் கொடுக்க வேண்டும். தன் வயிற்றுக்குப் பனை ஏறினாலோ பனைக்கு வரி. அவ்வளவு பாடுபட்டவன் தலைப்பாகை கட்டக்கூடாது. அவன் வீட்டுப் பெண் தண்ணீர்க்குடத்தை இடுப்பில் வைத்துச் சுமக்கக்கூடாது.

1833-இல் அவதாரம் கொண்ட அய்யா இந்த அடிமை வேலையை எதிர்த்தார். அரசன் அவரைத் திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தான். ஆனால் உழைப்பே இழிவு என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. வாகைப்பதியில் துவையல் தவசுக்குக் கூடிய எழுநூறு குடும்பங்களும் சும்மா உட்கார்ந்து தவம் செய்தவர்கள் அல்லர். மூன்று வேளை குளித்து, உடுத்த துணியைத் தாங்களே துவைத்து, ஒருவேளை சமைத்துச் சேர்ந்து உண்டார்கள். அடுத்தவர் கையை எதிர்பாராத அந்த வேலையே தவசாயிற்று. சுவாமித்தோப்பின் முந்திரிக்கிணற்றில் எல்லாச் சாதியாரும் ஒன்றாய் நீர் இறைத்தார்கள். வேலை அதே வேலைதான். செய்கிறவனின் தலை மட்டும் நிமிர்ந்திருந்தது.

இதை அரியாங்குப்பத்து அன்புக்கொடி மக்கள் தம் ஊரை வைத்தே எண்ணிப் பார்க்கலாம். ஆற்றங்கரை அரிக்கமேட்டில் 1945-இல் வீலர் அகழ்ந்தபோது ரோமானியக் கலங்களின் ஓடுகள் கிடைத்தன. மணிகளும் அங்கே ஏராளம். ஒரு கல்மணி உருவாக உடைத்து, தேய்த்து, துளையிட்டு, மெருகேற்ற வேண்டும். கடுகளவு மணிக்கும் இத்தனை பாடு! ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்தக் கைகளின் நேர்த்தி இன்றும் மின்னுகிறது. அவற்றுக்கு உரிய கூலி போய்ச் சேர்ந்ததா என்று கேட்க இன்று ஆளில்லை.

இன்றைய கூலியைக் கேட்க ஆள் இருக்கிறது. நாற்று நடுகிற பெண்ணும், கட்டட வேலைக்கு வரும் சித்தாளும் பொழுது சாய்ந்தால் வீட்டு வாசலில் நிற்கிறார்கள். கொத்தனாருக்கு மட்டும் அன்றே கொடுத்துவிட்டு, சித்தாளைப் பார்த்து "நாளைக்கு வாம்மா" என்று அனுப்பினால், அன்று அவள் செய்தது ஊழியம். அனுப்பியவர் மறுநாள் பணிவிடைக்குத் தலைப்பாகை கட்டும்போது, அந்தக் கூலி அவர் மடியில்தான் இருக்கிறது.