கணினியில் விமானம் ஓட்டத் தொடுதிரையா, பட்டனா?

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் மாதிரியான ஆட்டங்களில் கொஞ்ச நாள் ஊறியவர்களுக்கு ஒரு கட்டத்தில் கீபோர்டு போதாமல் போகும். சக்கரத்துக்கு ‘ஜி’, ஃபிளாப்புக்கு ‘எஃப்6’, ‘எஃப்7’ என்று மனப்பாடம் செய்தது ஒருநாள் தரையிறங்கும் பதற்றத்தில் மறந்துபோகும். அதன்பின் இரண்டு வழிகள். பழைய டேப்லெட்டில் ஒரு செயலியை ஏற்றித் தொடுதிரைப் பலகையாக்கலாம். அல்லது நிஜமான சுவிட்சுகள் பதித்த பட்டன் பாக்ஸ் ஒன்றை வாங்கலாம், செய்யலாம். எது நல்லது என்ற பேச்சில் தவறான நம்பிக்கைகள் சில திரும்பத் திரும்ப வருகின்றன.

நம்பிக்கை: நிஜ விமானங்களே தொடுதிரைக்கு மாறிவிட்டன, பட்டன் பழைய காலத்துச் சமாச்சாரம்.

இதில் பாதிதான் உண்மை. ஏர்பஸ் நிறுவனம் 2019-இல் ஏ350 விமானங்களைத் தொடுதிரையோடு தரத் தொடங்கியது. ஆனால் சக்கரத்தை இறக்கும் நெம்புகோல், ஃபிளாப் நெம்புகோல், எஞ்சின் விசைக்கான கைப்பிடி எல்லாம் இன்றும் கையால் பற்றும்படியே இருக்கின்றன. சிறு விமானங்களில் பொருத்தப்படும் கார்மின் ஜிடிஎன் 750 கருவி பெரும்பாலும் தொடுதிரைதான். அதிலும் திருகுகுமிழ்களை விட்டுவைத்திருக்கிறார்கள். காற்று குலுக்கும்போது விரல் ஓரிடத்தில் நிற்காது என்பது விமானக் கருவி செய்பவர்களுக்குத் தெரியும்.

கடலில் இந்தப் பாடம் பெரிய விலைக்குக் கிடைத்தது. 2017 ஆகஸ்ட் 21 அன்று அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெய்ன் சிங்கப்பூர் அருகே எண்ணெய்க் கப்பல் ஒன்றோடு மோதியது. மாலுமிகள் 10 பேர் இறந்தார்கள். கப்பலின் வேகத்தையும் திசையையும் தொடுதிரை வழியாகக் கட்டுப்படுத்திய அமைப்பு குழப்பத்துக்கு இடம்தந்தது என்று விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது. 2019-இல் அமெரிக்கக் கடற்படை, இவ்வகைக் கப்பல்களில் மீண்டும் இயந்திர நெம்புகோல்களைப் பொருத்தப்போவதாக அறிவித்தது.

நம்பிக்கை: தொடுதிரை மெதுவானது, அதனால்தான் ஆட்டத்துக்கு ஆகாது.

இது தவறு. ‘ஓசு’ என்ற தாள விளையாட்டைப் பாருங்கள். இசைக்கேற்பத் திரையில் தோன்றும் வட்டங்களைத் தொட வேண்டும். தொடுதிரையில் ஆடுபவர்களுக்குக் கிடைக்கும் சாதகம் அவ்வளவு பெரியது என்பதால், அந்த ஆட்டமே அதைக் கண்டுகொண்டு தரவரிசைப் புள்ளிகளைக் குறைத்துத் தருகிறது. மவுஸ் நகர்ந்து சென்று சேர வேண்டிய இடத்தில் விரல் நேரே போய் இறங்கிவிடுகிறது. மெக்கானிக்கல் கீபோர்டில் செர்ரி சிவப்பு சுவிட்ச் வேலைசெய்ய 2 மில்லிமீட்டர் அழுந்த வேண்டும். கண்ணாடிக்கு அதுகூடத் தேவையில்லை.

விமான ஆட்டத்தில் தொடுதிரை தோற்பது வேறு காரணத்தால். ‘ஓசு’வில் கண்ணும் விரலும் ஒரே இடத்தில் இருக்கின்றன. ஓடுபாதையை நோக்கி இறங்கும்போது கண் முன்னால் இருக்க வேண்டும். டேப்லெட்டோ மேசைமேல் கிடக்கிறது. வழவழப்பான கண்ணாடியில் எந்தக் கட்டம் எங்கே என்று தடவிக் கண்டுபிடிக்க முடியாது, குனிந்தே ஆக வேண்டும். 140 நாட் வேகத்தில் வரும் விமானம் ஒரு நொடிக்கு 72 மீட்டர் போகிறது. இரண்டு நொடி குனிந்தால் 140 மீட்டருக்கு மேல் பார்க்காமலே பறந்திருப்பீர்கள். கீபோர்டில் எஃப், ஜே எழுத்துகள்மேல் சின்ன மேடு வைத்திருப்பது விரலுக்கு வழிகாட்டத்தான். விஆர் கண்ணாடி மாட்டிக்கொண்டு பறப்பவர்களுக்குக் குனிந்தும் பயனில்லை; மேசையே தெரியாது. அவர்களுக்குத் தடவி அறியும் சுவிட்சே வசதி.

நம்பிக்கை: அப்படியானால் எல்லாவற்றுக்கும் பட்டனே சிறந்தது.

அதுவும் இல்லை. மேல்-கீழ் நிலைகொண்ட டோகிள் சுவிட்சில் ஒரு தொல்லை உண்டு. நேற்று சக்கரத்தை ‘மேலே’ வைத்துவிட்டு எழுந்திருப்பீர்கள். இன்று ஆட்டம் சக்கரம் இறங்கிய நிலையில் தொடங்கும். கையில் ஒன்று, திரையில் ஒன்று. இன்று செஸ்னா, நாளை ஏர்பஸ் என்று மாற்றி மாற்றி ஓட்டுபவருக்கு, ஒட்டிய பெயர்ச்சீட்டுகளும் பொருந்தாமல் போகும். ரேடியோ அலைவரிசை, பயணப்பாதை, சரிபார்ப்புப் பட்டியல் போன்றவற்றை எப்படியும் கண்ணால் பார்த்துத்தான் செய்கிறோம். அவற்றுக்குத் தொடுதிரை அருமையாகப் பொருந்தும்.

இரண்டுக்கும் நடுவில் எஃப்-16 போர்விமானம் காட்டிய வழி எனக்கு மிகவும் பிடித்தது: திரையைச் சுற்றி 20 பட்டன்கள், பெயர் திரையில் மாறும், பட்டன் இருந்த இடத்திலேயே இருக்கும். த்ரஸ்ட்மாஸ்டர் நிறுவனம் அதே வடிவில் விற்கும் சட்டத்துக்குப் பின்னால் சின்ன மானிட்டரை வைத்து ஆடுபவர்கள் உண்டு.

நம்பிக்கை: இரண்டாவது மானிட்டராகத் தொடுதிரையைச் செருகினால் வேலை முடிந்தது.

விண்டோஸ் அந்தத் தொடுதலை மவுஸாக எடுத்துக்கொள்ளும். சுட்டி அங்கே தாவும், ஆட்டத்தின் சாளரம் பின்னுக்குப் போகலாம். அழுத்திப் பிடித்தால் வலது கிளிக் ஆகிவிடும். அதை அமைப்புகளில் நிறுத்திவையுங்கள். வைஃபை வழியாகப் பேசும் தனி டேப்லெட்டில் இந்தச் சிக்கல் இல்லை.

நம்பிக்கை: பட்டன் பாக்ஸ் பணக்காரர் விளையாட்டு.

சாலிடரிங் தெரிந்தால் போதும். ஆர்டுயினோ லியோனார்டோ, புரோ மைக்ரோ போர்டுகளில் உள்ள ஏடிமெகா 32யூ4 சிப், கணினிக்குத் தன்னை ஜாய்ஸ்டிக்காகவே காட்டிக்கொள்ளும். ஊனோவின் பழைய பதிப்பை வாங்கிவிடாதீர்கள், அது நேரடியாக அப்படிச் செய்யாது. 5 நிரை, 5 நிரல் என்று கோத்தால் 10 பின்களில் 25 பட்டன். ஒவ்வொன்றுக்கும் ஒரு டயோடு போட்டால் பல பட்டன்களைச் சேர்த்து அழுத்தினாலும் குழம்பாது. சென்னைக்காரர்களுக்கு இவை எல்லாம் ரிச்சி தெருவில் கிடைக்கும்.

செலவு செய்யுமுன் ஒருமுறை புறப்பாடு முதல் தரையிறக்கம் வரை ஓட்டி, வெளியே பார்த்துக்கொண்டே செய்யும் வேலைகளை எழுதிப் பாருங்கள். சக்கரம், ஃபிளாப், டிரிம், பிரேக் ஆகிய நான்கும் அநேகமாக அதில் இருக்கும். அவற்றுக்கு முதலில் சுவிட்ச் போடுங்கள். மிச்சத்தைப் பழைய டேப்லெட் பார்த்துக்கொள்ளும்.