தீயணைப்புக்குச் சந்தா சரிவருமா?

கேள்வி: அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், ஆண்டுக் கட்டணம் 75 டாலர் செலுத்தாத ஒருவரின் வீடு எரிந்தபோது தீயணைப்பு வீரர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்று படித்தேன். உண்மையா? அங்கே ஒரு கவுன்ட்டியில் தீயணைப்புச் செலவை யார் ஏற்கிறார்கள்? ஒழுங்காகக் கட்டியவர்கள் காசில் கட்டாதவர் வீட்டை அணைப்பதும் நியாயமில்லையே?
– ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: உண்மைதான். 2010 செப்டம்பர் கடைசியில், டென்னசியின் வடமேற்கு மூலையில் கென்டக்கி எல்லையை ஒட்டியிருக்கும் ஓபியன் கவுன்ட்டியில் நடந்தது. பீப்பாயில் குப்பை கொளுத்திய நெருப்பு கொட்டகைக்குத் தாவி, கொஞ்சம் கொஞ்சமாக வீட்டை நெருங்கியது. வீட்டுக்காரர் அவசர எண்ணான 911-ஐ அழைத்தார். சந்தா கட்டியவர்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லை என்று பதில் வந்தது. என்ன செலவானாலும் தருகிறேன் என்றார், ஏற்கவில்லை. பக்கத்து வயலில் தீ பற்றிய பிறகுதான் சவுத் ஃபுல்டன் என்ற சிறு நகரத்தின் வண்டி வந்தது, ஏனென்றால் அந்த வயல்காரர் சந்தா கட்டியிருந்தார். வயலைக் காப்பாற்றிய வீரர்கள் எரிந்துகொண்டிருந்த வீட்டின் பக்கம் குழாயைத் திருப்பவில்லை. உள்ளே மூன்று நாய்களும் ஒரு பூனையும் செத்துப்போயின. அடுத்த ஆண்டு டிசம்பரில் இதே காரணத்துக்காக இன்னொரு வீடும் எரிந்தது.

படித்ததும் அந்த வீரர்கள்மேல்தான் கோபம் வரும். ஆனால் தவறு அவர்களிடம் தொடங்கவில்லை. கவுன்ட்டி என்பது மாநிலத்துக்குக் கீழே இருக்கும் உள்ளாட்சி அமைப்பு. ஓபியனில் அன்று மக்கள்தொகை 32,000-க்குச் சற்றுக் குறைவு. டென்னசியில் கவுன்ட்டிகள் தீயணைப்புத் துறை அமைத்துக்கொள்ளலாம், அமைத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஓபியன் அமைக்கவில்லை. அங்கிருந்த வண்டிகளெல்லாம் நகரங்களுக்குச் சொந்தமானவை, நகரவாசிகள் செலுத்தும் வரியில் வாங்கியவை. எல்லைக்கு வெளியே இருப்பவர்கள் அந்த வரியைக் கட்டுவதில்லை. அவர்களுக்கும் வருகிறோம், ஆண்டுக்கு 75 டாலர் கொடுங்கள் என்றது சவுத் ஃபுல்டன். சுமார் 2,400 பேர் வாழும் ஊர் தன் வண்டியைச் சும்மா வெளியே அனுப்ப முடியாது என்று சொன்னதில் நியாயம் உண்டு. நீங்கள் கேட்கும் நியாயமும் அதுதான். சந்தா கட்டாதவருக்கும் தீயை அணைத்துக் கொடுத்தால் அடுத்த ஆண்டு யாருமே கட்ட மாட்டார்கள் என்று அந்த ஊர் பயந்ததும் வீண் பயமல்ல. ஆனால் இந்த நியாயம் ஒரு வீட்டை எரியவிடுவதில்தான் போய் முடியும் என்றால், தீயணைப்பைச் சந்தாவாக விற்றதே பிழை என்பேன்.

ஏன் என்றால், தீயணைப்புக்கு ஆகும் செலவில் பெரும்பகுதி தீ எரியும் நாளில் ஆவதல்ல, எரியாத நாட்களில் ஆவது. வண்டி, பம்ப், குழாய்கள், புகைக்குள் நுழைய மூச்சுக் கருவி, நெருப்பங்கி, பயிற்சி, நடுராத்திரியிலும் எழுந்து ஓடிவர ஆட்கள் – இத்தனையும் ஆண்டுக்கு நாலு தீ வந்தாலும் வேண்டும், நாற்பது வந்தாலும் வேண்டும். இந்த ஆயத்தம் ஒருவருக்காக அங்கே இருந்துவிட்டால் பக்கத்து வீட்டுக்காரருக்காகவும் இருக்கிறது. அவரை விலக்கிவைப்பதால் பெரிதாக எதுவும் மிச்சமாகாது. தீக்கும் வேலி தெரியாது. கட்டாதவர் வீட்டில் பிடித்தது கட்டியவர் வயலுக்குப் போனதை ஓபியனிலேயே பார்த்தோம். அறைக்குள் பிடித்த தீ சில நிமிடங்களில் அறை முழுவதையும் விழுங்கிவிடும். அந்த நிமிடங்களில் ஒருவர் பட்டியலில் பெயர் தேடிக்கொண்டிருக்கிறார்.

இன்ஷூரன்ஸும் சந்தாதானே, அது நடக்கவில்லையா என்று கேட்கலாம். லண்டன் அதைச் செய்தே பார்த்தது. 1666-ன் பெருந்தீக்குப் பிறகு அங்கே காப்பீட்டுக் கம்பெனிகள் ஆளுக்கொரு தீயணைப்புப் படை வைத்துக்கொண்டன, தாங்கள் காப்பீடு செய்த வீட்டுச் சுவரில் உலோக முத்திரை பதித்தன. தனித்தனிப் படைகள் கட்டுப்படியாகவில்லை. 1833-ல் கம்பெனிகள் சேர்ந்து ஒரே படையாக்கின. 1861-ல் டூலி தெருவின் கிடங்குகள் எரிந்தன. படைத்தலைவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட் இடிந்து விழுந்த சுவரின் கீழ் உயிரிழந்தார். நஷ்டத்தைத் தாங்க முடியாத கம்பெனிகள், இனி இது எங்களால் ஆகாது என்று அரசிடம் கைவிரித்துவிட்டன. 1865-ல் சட்டம் வந்தது. சொத்து மதிப்பில் பவுண்டுக்கு அரை பென்னி வரி, கம்பெனிகளின் பங்களிப்பு, அரசின் 10,000 பவுண்டு என்று மூன்று வழியில் பணம் சேர்த்துப் பொதுப் படை அமைத்தார்கள். காப்பீடு எரிந்த வீட்டுக்கு ஈடு தரும். எரியாமல் காக்கும் படையைக் கட்டிக் காக்க அதற்குப் போதுமான பலமில்லை என்பதை லாப நோக்கமுள்ள கம்பெனிகளே ஒப்புக்கொண்ட இடம் இது.

சரி, அணைத்துவிட்டு முழுச் செலவையும் வசூலிக்கலாமே? சவுத் ஃபுல்டன் 2012-ல் அதற்குத்தான் வந்து சேர்ந்தது: சந்தா இல்லாவிட்டாலும் வண்டி வரும், அழைப்புக்கு 3,500 டாலர். கையைக் கட்டி நிற்பதற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் வீட்டை இழந்து நிற்கும் ஏழையிடம் அந்தத் தொகையை எப்போது வாங்குவது? வாங்கினாலும், எப்போதோ வரும் பில்லை நம்பி யாரும் புது வண்டிக்குக் கடன் வாங்க முடியாது.

ஓபியனிலேயே வேறு வழி மேசைமேல் கிடந்தது. 2008-ல் கவுன்ட்டி முழுவதற்கும் ஒரு துறை அமைக்கும் யோசனை முன்வைக்கப்பட்டபோது, பணத்துக்குச் சொன்ன வழிகளில் ஒன்று மின் இணைப்புக்கு மாதம் 3 டாலருக்கு மிகாத கட்டணம். ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் 36 டாலர், சந்தாவில் பாதிகூட இல்லை. எல்லோரும் கட்டினால் இணைப்புக்கு விழுவது இவ்வளவுதான். வட கரோலினாவில் நெடுங்காலமாகக் கிராமப்புறங்களில் இதுவே நடைமுறை: நிலவுடைமையாளர்களில் 35 சதவீதம் பேர் மனுக் கொடுத்தால், கவுன்ட்டி அந்தப் பகுதியில் வாக்கெடுப்பு நடத்தித் தீயணைப்பு வட்டம் அமைக்கலாம்; அதற்கான வரி சொத்து மதிப்பில் 100 டாலருக்கு 15 சென்டைத் தாண்டக் கூடாது. வேண்டுமா வேண்டாமா என்பதை ஊர் கூடி முடிவு செய்கிறது, முடிவான பிறகு தனி ஒருவர் விலகிக்கொள்ள முடியாது. நடுவீட்டில் தீ எரியும்போது எடுக்கக் கூடாத முடிவைச் சாவகாசமான ஒரு நாளில் எடுத்துவைக்கிறார்கள்.

கிராமத்துக்காரர்களிடம் வலுவான ஒரு ஆட்சேபம் உண்டு: நிலையத்திலிருந்து இவ்வளவு தூரத்தில் இருக்கிறோம், வண்டி வந்து சேருவதற்குள் வீடு சாம்பல், எதற்கு வரி? தூரம் உண்மைதான், அதனால்தான் வட்டம் சிறியதாக, நிலையம் அருகில் இருக்க வேண்டும். அமெரிக்கக் காப்பீட்டுத் துறை ஊர்களின் தீயணைப்பு வசதிக்கு 1 முதல் 10 வரை தரம் போடுகிறது. 10 என்றால் வசதியே இல்லை என்று பொருள். சாலை வழியாக ஐந்து மைலுக்குள் நிலையம் வந்தாலே பல வீடுகள் அந்தக் கடைசித் தரத்திலிருந்து மேலேறி, பிரீமியமும் குறைகிறது. ஆட்களின் சம்பளச் சுமையும் முழுதாக விழாது, அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் தன்னார்வலர்கள். ஆனால் அவர்கள் உழைப்பை இலவசமாகத் தந்தாலும் பம்பும் மூச்சுக் கருவியும் இலவசமாக வராது. அதற்கு உணவு விருந்து நடத்தி நிதி திரட்டும் நிலையில் அவர்களை விட்டுவைப்பது பெரிய அநியாயம்.

வரி என்று முடிவானாலும் போராட்டம் தீராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டியின் தீயணைப்பு வட்டம் சொத்து வரியின் ஒரு பங்கிலும், தங்களுக்கெனத் தனித் துறை வைத்துக்கொள்ளாத நகரங்கள் ஒப்பந்தப்படி தரும் பணத்திலும், சிறப்பு வரியிலும் ஓடுகிறது. 1978-ல் வந்த 13-ஆம் தீர்மானம் கலிஃபோர்னியாவில் சொத்து வரிக்குக் கடிவாளம் போட்டதால், கூடுதல் பணம் வேண்டுமென்றால் வாக்காளர்களிடம்தான் போக வேண்டும். 2020 மார்ச்சில் கட்டடப் பரப்பில் சதுர அடிக்கு 6 சென்ட் கேட்டார்கள். பாதிக்கு மேற்பட்டோர் ஆதரித்தும் தேவையான மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. 2024 நவம்பரில் அதே 6 சென்ட் மக்கள் மனுவாக வந்தபோது சாதாரணப் பெரும்பான்மையே போதுமென்பதால் நிறைவேறியது. இடைப்பட்ட நாலரை ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பணம் இல்லாமலே வண்டிகள் ஓடின. அப்போதும் எந்த வீட்டுக்கும் வண்டி அனுப்பும் முன் வீட்டுக்காரர் கட்டினாரா என்று அங்கே யாரும் பட்டியலைப் புரட்டவில்லை.