இரைச்சலும் இசைதானா?

கேள்வி: என் மகன் ஹெட்போனில் ‘மெர்ஸ்பவ்’ என்று ஏதோ கேட்கிறான். மிக்ஸியும் ரம்பமும் சேர்ந்து ஓடுவது போலிருக்கிறது. ராகமில்லை, தாளமில்லை. இதில் என்ன சுகம்?

பதில்: மெர்ஸ்பவ் என்பது டோக்கியோக்காரரான மசாமி அகிதா தன் இசைக்கு வைத்துக்கொண்ட பெயர். 1979 முதல் இதுவே அவர் வேலை. 2000-இல் வந்த ‘மெர்ஸ்பாக்ஸ்’ தொகுப்பில் மட்டும் 50 குறுந்தகடுகள். விளையாட்டுக்காக யாரும் இவ்வளவு உழைக்க மாட்டார்கள்.

மைக்கை ஸ்பீக்கருக்கு எதிரே பிடித்தால் ‘கீ’ என்று அலறுமே, அந்த அலறலும் அவருக்கு வாத்தியம். பழைய இரும்புத் துண்டில் மைக்கை ஒட்டித் தட்டுவார், உரசுவார். வரும் ஒலியைக் கருவிகளால் சிதைப்பார். வெளியே வந்ததை மறுபடி உள்ளே அனுப்புவார்.

மெட்டு இருந்தால் அடுத்த வரி எங்கே போகும் என்று மனம் முன்னால் ஓடும். இங்கே அந்த ஓட்டத்துக்கு வழியே இல்லை. முதலில் எரிச்சல்தான். பொறுத்திருந்தால், ஒரே சுவராகத் தெரிந்த இரைச்சல் அடுக்கடுக்காகப் பிரிகிறது: அடியில் உறுமல், நடுவில் கொதிப்பு, மேலே ஊசிக் கீறல். 1996-இல் வந்த அவருடைய ‘பல்ஸ் டீமன்’ ஆல்பத்தைக் கேட்டபோது எனக்கு இது விளங்கியது. எதையும் எதிர்பார்க்காமல் கேட்பது பெரிய விடுதலை.

இது புதுப் பைத்தியமும் அல்ல. இயந்திர ஓசைகளும் இசைக்குள் வரவேண்டும் என்று இத்தாலிய ஓவியர் லூயிஜி ருஸ்ஸோலோ 1913-லேயே அறிக்கை எழுதினார். அதற்கென்று கருவிகளும் செய்தார்.

மகன் கேட்கட்டும். ஆனால் பலத்த ஒலியால் உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் அழிந்தால் மறுபடி முளைக்காது. ஒலியளவைக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள்.