கடவுள் உண்மையும் உலகத் துன்பமும்

கடவுள் உண்டென்பதைப் பகுத்தறிவால் நிறுவுதல் கூடுமா என்பது ஒரு வினா. உண்டெனின், உலகில் இத்துணைத் துன்பம் இருப்பது ஏன் என்பது மற்றொரு வினா. இவ்விரண்டும் வேறுவேறு போலத் தோன்றினும் ஒருங்கே பிறந்தவை. 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாமஸ் அக்வினாஸ் என்னும் இத்தாலிய நாட்டுத் துறவியார், தம் இறையியற் பெருநூலில், கடவுள் உண்மைக்கு ஐந்து வழிகளைக் கூறுமுன் தாமே இரண்டு தடைகளை எழுப்புகின்றார். அவற்றுள் முதலாவது தீமையைப் பற்றியதே. எல்லையற்ற நன்மையே வடிவான பொருள் ஒன்று இருக்குமாயின் தீமைக்கு இடமிராது, தீமையோ காணப்படுகின்றது, ஆகலின் கடவுள் இல்லை என்பது அத்தடை. எதிராளியின் கூற்றை மறையாது முதற்கண் வைத்துப் பின்னர் விடை பகரும் இம்முறை, நம் நாட்டுத் தருக்க நூலார் பூர்வபக்ஷம், சித்தாந்தம் என வகுத்த முறையை ஒத்ததாகும். நாமும் அவ்வாறே இருபாலும் நோக்கி ஆராய்வோம்.

கடவுள் உண்மைக்குக் கூறப்படும் பிரமாணங்கள் பலவாயினும் அவற்றை மூன்று வகையில் அடக்கலாம். முதலாவது, காரியத்தினின்று காரணத்தை அநுமானிப்பது. தோன்றி மறையும் பொருள்கள் தம்மைத் தாமே தோற்றுவித்துக் கொள்ள மாட்டா. ஆதலின் அவற்றிற்கு ஒரு முதற்காரணம் வேண்டும் என்பர். அக்வினாஸ் வாழ்ந்த அதே நூற்றாண்டில் நம் தமிழகத்தில் மெய்கண்டதேவர் அருளிய சிவஞானபோதத்தின் முதற் சூத்திரமும் இவ்வநுமானத்திலேயே தொடங்குகின்றது. இதனைச் சிலர் தவறாக உணர்ந்து, உலகம் என்றோ ஒருநாள் தொடங்கிற்று என்பதே இவ்வாதத்தின் உயிர் எனக் கருதுவர். அக்வினாஸ் கருத்து அதுவன்று. தொங்கும் விளக்கு ஒன்றைக் காண்போம். அதன் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் மேலுள்ள கண்ணியைப் பற்றி நிற்கின்றது. கண்ணிகளை எத்துணைப் பெருக்கினும், உத்தரம் ஒன்று இல்லையேல் விளக்கு ஒரு கணமும் நில்லாது. அதுபோல இக்கணத்திலும் உலகைத் தாங்கும் முதல் ஒன்று வேண்டும் என்பதே அவர் கூறுவது. இதற்கு மாறாக, உலகம் உள்ளது, அவ்வளவே. அதற்கு அப்பால் ஒரு காரணம் தேட வேண்டுவதில்லை என்று 1948-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் வானொலியில் காபிள்ஸ்டன் பாதிரியாரோடு நிகழ்த்திய உரையாடலில் பெர்ட்ரண்டு ரஸ்ஸல் வாதித்தார். இவ்வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை.

இரண்டாவது, உலகின் ஒழுங்கமைப்பைக் கண்டு அமைத்தோனை அநுமானிப்பது. வில்லியம் பேலி என்னும் ஆங்கிலத் திருச்சபைக் குரு 1802-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிற் கூறிய கடிகார உவமை பலரும் அறிந்ததே. அவருக்கு முன்னரே ஸ்காட்லாந்து அறிஞர் டேவிட் ஹ்யூம் இவ்வாதத்தைக் கடிந்திருந்தார். அவர் இறந்தபின் 1779-இல் வெளிவந்த உரையாடல் நூலில், குறையுள்ள உலகத்தைக் கொண்டு குறைவிலாத ஒருவனை அநுமானித்தல் எங்ஙனம் என்று வினவப்படுகின்றது. 1859-இல் டார்வின் இயற்கைத் தேர்வை விளக்கியபின் உயிர்களின் உறுப்பமைதிக்கு வேறொரு காரணமும் கிடைத்தது. டார்வின் 1860-இல் ஆஸா கிரே என்னும் தாவர நூலறிஞருக்கு வரைந்த கடிதத்தில், உயிருள்ள புழுக்களின் உடலை உள்ளிருந்தே தின்று வளரும் ஒருவகைக் குளவியைக் கருணையும் வல்லமையும் உடைய கடவுள் வேண்டுமென்றே படைத்தார் எனத் தம்மால் நம்ப இயலவில்லை என்று எழுதினார். இயற்கையைக் கூர்ந்து நோக்குவோர் அமைப்பின் நேர்த்தியை மட்டுமன்றி அதன் கொடுமையையும் காண்பர் என்பது இதனால் விளங்கும்.

மூன்றாவது, கடவுள் என்னும் கருத்தினின்றே கடவுள் உண்மையைப் பெறுவது. 11-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்து பின் காண்டர்பரிப் பேராயராக விளங்கிய அன்ஸெல்ம் இதனை வகுத்தார். தன்னினும் பெரியதொன்றை நினைக்க ஒண்ணாத பொருளே கடவுள். அது நினைவில் மட்டும் இருப்பின், நினைவிலும் உண்மையிலும் இருக்கும் பொருள் அதனினும் பெரியதாகிவிடும். ஆதலின் அது உண்மையிலும் உளதாதல் வேண்டும் என்றார். அக்காலத்திலேயே கௌனிலோ என்னும் துறவி, இவ்வாறாயின் எல்லாத் தீவுகளினும் சிறந்த தீவு ஒன்றை நினைத்த மாத்திரத்தில் அதுவும் உண்டாய்விட வேண்டுமே என மறுத்தார். 1781-இல் ஜெர்மானிய ஞானி காண்ட், உளதாதல் என்பது ஒரு பொருளின் குணங்களுள் ஒன்றன்று என்று காட்டி இவ்வாதத்தை அடியோடு மறுத்தார்.

இவற்றையெல்லாம் ஒருவர் முழுவதும் ஏற்றுக்கொண்டார் என்றே வைத்துக்கொள்வோம். அவர் பெறுவது யாது? முதற்காரணம் ஒன்று உண்டு, பேரறிவு ஒன்று உண்டு, இவ்வளவே. அப்பேரறிவு நம்மேல் இரக்கமுடையதா என்பதை இவ்வாதங்கள் தனியே நின்று காட்டமாட்டா. தீமையைப் பற்றிய வினாவோ அந்த இரக்கத்தையே தாக்குகின்றது. ஆகலின் பிரமாணங்களை அடுக்கி அவ்வினாவை வாய்மூடச் செய்தல் இயலாது.

அவ்வினாவைச் சுருங்கக் கூறின் இதுவே: கடவுள் சர்வ வல்லமை உடையவர், கடவுள் முற்றும் நல்லவர், தீமை உண்டு. இம்மூன்றும் ஒருங்கே நிற்றல் எங்ஙனம்? கிரேக்க ஞானி எபிகூரஸ் இதனை முதலில் வினவினார் என்பது மரபு. ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ் 1710-இல் இதற்கு விடையாக ஒரு நூல் இயற்றி, கடவுள் என்றும் நீதி என்றும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து, 'தியோடிசி' என்னும் புதுப்பெயரை அதற்கு இட்டார். படைத்தற்கு இயன்ற உலகங்கள் எல்லாவற்றுள்ளும் இதுவே சிறந்தது. ஓவியத்தில் நிழல் ஒளியை விளக்குவதுபோலத் தீமையும் முழுமைக்குத் துணையாகின்றது என்பது அவர் கொள்கை.

அந்நூல் வெளிவந்து 45 ஆண்டுகள் கழிந்தபின், 1755-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 1-ஆம் நாள் போர்த்துக்கல் நாட்டுத் தலைநகராகிய லிஸ்பனை நிலநடுக்கம் தாக்கிற்று. அன்று சகல பரிசுத்தவான்களின் திருநாள். காலை வழிபாட்டிற்காகக் கோயில்கள் நிறைந்திருந்தன. கூரைகள் வழிபடுவோர்மேல் விழுந்தன. வெட்டவெளியை நாடி ஆற்றங்கரைக்கு ஓடியோரைப் பொங்கிவந்த கடல் வாரிச் சென்றது. எஞ்சிய நகரைத் தீ பல நாள் எரித்தது. மாண்டோர் தொகையில் ஆசிரியர்கள் வேறுபடுவர். பல்லாயிரவர் என்பதில் ஐயமில்லை. ஐரோப்பா முழுவதும் எழுந்த கேள்வி ஒன்றே: தொழுதுகொண்டிருந்தவர்மேல் கோயில் விழுவதும் சிறந்த உலகின் ஒரு பகுதியோ?

அக்கேள்விக்கு அந்நாளில் எழுந்த விடைகள் நாம் கற்றற்குரியன. பிரெஞ்சு அறிஞர் வால்டேர் தம் செய்யுளாலும், 1759-இல் வெளியிட்ட 'காண்டீட்' என்னும் கதையாலும், எல்லாம் நன்மைக்கே என்பாரை எள்ளி நகையாடினார். ரூசோ 1756-இல் அவருக்கு எழுதிய கடிதத்தில், ஆறேழு மாடி வீடுகளை அங்கே நெருக்கிக் கட்டியது இயற்கையன்று, மனிதரே என்று காட்டினார். இளைஞராயிருந்த காண்ட் நிலநடுக்கத்தின் இயற்கைக் காரணங்களை ஆராய்ந்து கட்டுரைகள் வரைந்தார். அவர் கூறிய காரணங்கள் பிற்காலத்தில் தள்ளப்பட்டன. தேடிய நெறி நிலைத்தது. இத்தாலியராகிய மலாக்ரிடா என்னும் இயேசு சபைக் குரு, இது மக்கள் பாவத்திற்குக் கடவுள் விதித்த தண்டனை என்றும், இயற்கையைக் காரணமாகக் கூறுதல் தகாதென்றும் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அமைச்சராயிருந்து பின்னர் பொம்பால் பிரபு எனப் பெயர்பெற்றவர், நடுக்கம் எவ்வளவு நேரம் நீடித்தது, கடல் ஏறிற்றா இறங்கிற்றா என்பன போன்ற வினாக்களை ஊர்தோறும் அனுப்பி விடை பெற்றார்; புதிய வீடுகளின் சுவர்க்குள்ளே அதிர்ச்சியைத் தாங்கும் மரச்சட்டங்களை அமைப்பித்தார். ஆயினும் அவர் அதிகாரம் செலுத்திய காலத்திலேதான், 1761-இல், எழுபதைக் கடந்த மலாக்ரிடா கொல்லப்பட்டு எரிக்கப்பட்டார். நிலத்தின் கொடுமைக்கு மருந்து தேடிய ஆட்சியே மனிதனின் கொடுமையையும் இழைத்தது. தீமை இருவகைத்து என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

20-ஆம் நூற்றாண்டில் இவ்வாராய்ச்சி மேலும் நுட்பமாயிற்று. 1955-இல் மாக்கி என்னும் ஆஸ்திரேலிய அறிஞர், மேற்கூறிய மூன்று கூற்றுக்களும் ஒன்றோடொன்று முரண்படுவன என்று வாதித்தார். அமெரிக்கராகிய பிளாண்டிங்கா 1974-இல் வெளியிட்ட நூலில் அதற்கு விடையிறுத்தார். தன்னுரிமையோடு நன்மையைத் தெரிந்துகொள்ளும் உயிர்கள் வேண்டுமாயின், அவை தீமையைத் தெரிந்துகொள்ளவும் இடமிருத்தல் வேண்டும். வலிந்து நல்லவராக்கப்பட்டவர் நல்லவராகார் என்பது அவ்விடையின் சாரம். முரண்பாடு என்னும் குற்றச்சாட்டு இதனால் நீங்கிற்று எனப் பலர் ஏற்றனர். ஆனால் 1979-இல் வில்லியம் ரோ வேறொரு வினாவை எழுப்பினார். யாருமில்லாக் காட்டில் மின்னலால் மூண்ட தீயில் வெந்த மான்கன்று ஒன்று பல நாள் துடித்து இறக்கின்றது. எவருடைய தன்னுரிமைக்கும், எவருடைய நற்பயிற்சிக்கும் அத்துன்பம் உதவியதாகத் தோன்றவில்லையே என்றார் அவர். உலகம் இன்பச் சோலையன்று, ஆன்மாக்கள் பண்படும் பள்ளி என்று 1966-இல் ஜான் ஹிக் கூறிய விடையும் அம்மான்கன்றின்முன் தடுமாறுகின்றது.

நம் சைவ சித்தாந்திகளின் விடை இவற்றினின்றும் வேறானது. ஆணவமலம் செம்பிற் களிம்பு போல அநாதியே உயிரைப் பற்றியது. கடவுள் அதனைப் படைத்தவரல்லர், நீக்குபவரே. உடலும் உலகும் அம்மலம் நீங்குதற்பொருட்டு உயிர்க்கு அளிக்கப்பட்டவை என்பர். இதனால் தீமையின் தோற்றம் கடவுளைச் சாராது விலகுகின்றது. ஆயினும், கடவுளால் ஆகாத ஒன்று அவரோடு என்றும் உளது என ஒப்ப வேண்டிவரும். இன்மையினின்று உலகைப் படைத்தார் எனக் கொள்ளும் கிறிஸ்தவ நெறியார்க்கு அவ்வழி அடைபட்டிருத்தலின், வினா அவர்பால் இன்னும் கூர்மையாகின்றது. எவ்விடையும் ஏதேனும் ஒரு விலை கொடாமற் பெறப்படுவதில்லை என்பதை மாணவர் உளங்கொள்ளல் வேண்டும்.

நிற்க. விடைகளின் பொருத்தத்தை அளத்தற்கு இதுவரை தருக்கம் ஒன்றையே கொண்டோம். மற்றொரு அளவுகோலும் உண்டு. யோபின் ஆகமத்தில், மக்களையும் செல்வத்தையும் இழந்து சாம்பலில் அமர்ந்த யோபிடம் நண்பர் மூவர் வருகின்றனர். கடவுள் நீதியுள்ளவர், ஆகையால் நீ பாவம் செய்திருத்தல் வேண்டும் என்று அவர்கள் கடவுளுக்காக வழக்காடுகின்றனர். யோபோ கடவுளையே நோக்கி முறையிடுகின்றான். முடிவில் கர்த்தர் கோபங்கொள்வது யோபின்மேல் அன்று. தமக்காகப் பேசிய அந்நண்பர்மேலேயே. காண்ட் 1791-இல் எழுதிய கட்டுரையில் இதனை எடுத்துக்காட்டி, யோபின் உண்மையுள்ளமே பெரிதெனப் போற்றினார். நம் வள்ளுவரும் இரவச்சம் என்னும் அதிகாரத்தில், பிச்சையேற்றே உயிர்வாழுமாறு சிலர்க்கு அமைந்திருப்பின் உலகை வகுத்தவனே கெடுக என வெகுள்கின்றார். அவ்வெகுளியை நாத்திகம் என நம் முன்னோர் ஒதுக்கிவிடவில்லை. பிறர் துயர் பொறாது கடவுளோடு வழக்கிடுதலும் பக்தியில் ஒரு வகையே போலும்.

ஆதலின் நாம் கொள்ளத்தகும் துணிபு இது. துன்பத்திற்கு விடை கூறுவோர் இரண்டு தவறுகளுக்கு அஞ்சுதல் வேண்டும். துன்புறுவோரையே குற்றவாளியாக்கும் விடை ஒன்று. துன்பத்தைத் துடைக்கும் நம் கையைக் கட்டிவிடும் விடை மற்றொன்று. பாவம் என்பாரும், ஊழ் என்பாரும், இயற்கையின் குருட்டாட்டம் என்பாரும் இவற்றில் வீழ்தல் கூடும். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், கிறிஸ்து பிறந்த திருநாளுக்கு மறுநாளாகிய ஞாயிற்றுக்கிழமை, சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் நிலம் பிளந்தது. இரண்டு மணி நேரத்திற்கு மேற்கழிந்தே பேரலை நாகப்பட்டினத்தையும் வேளாங்கண்ணியையும் அடைந்தது. யாத்திரிகரும் மீனவரும் ஒருங்கே மாண்டனர். அந்நாளில் இந்துமாக்கடலுக்கு எச்சரிக்கை ஏற்பாடு எதுவும் இல்லை. 2007-இல் ஐதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் நிறுவப்பட்டது. நிலம் ஏன் பிளக்கும்படி படைக்கப்பட்டது என்பதற்கு இன்னும் நம்மிடம் முடிந்த விடை இல்லை. அவ்விரண்டு மணி நேரம் ஏன் வீணாயிற்று என்பதற்கோ விடை உண்டு. அது நம்மைப் பற்றியது. முதல் வினாவைப் பணிவோடு ஆராய்தலும், இரண்டாம் வினாவிற்குச் செயலால் விடையிறுத்தலும் கற்றோர் கடனாகும். இரண்டாவதைச் செய்யாதவர் முதலாவதைப் பற்றிப் பேசும் சொல், துன்புறுவோர் செவியில் யோபின் நண்பர் சொல்லாகவே ஒலிக்கும்.