தனியார் மேகக் கணிமைச் சோதனைச் சூழல்: அமைக்கும் முறையும் அனுபவம் கற்பித்தவையும்

கணினித் திறன், சேமிப்பிடம், வலையமைப்பு ஆகியவற்றைத் தேவைப்படும் நேரத்தில் தேவைப்படும் அளவுக்குத் தானே பெற்றுக்கொண்டு, வேலை முடிந்ததும் திருப்பி விட்டுவிடும் ஏற்பாடே மேகக் கணிமை எனப்படுகிறது. அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் 2011-ஆம் ஆண்டு வெளியிட்ட வரையறை, இதற்கு ஐந்து அடிப்படை இயல்புகளையும் நான்கு வகையான அமைப்பு முறைகளையும் கூறுகிறது. அந்த நான்கினுள் ஒரே நிறுவனத்தின் பயன்பாட்டுக்கென்று மட்டும் நிறுவப்படுவது தனியார் மேகமாகும். அத்தகைய மேகத்துக்கு நிரல் எழுதுவோரும், அதன் உறுப்புகளைத் திருத்திச் சோதிப்போரும், உண்மையான பயனர்கள் இயங்கும் இடத்தில் கைவைக்க முடியாதென்பதால், அதே உறுப்புகள் யாவும் சிறிய அளவில் இயங்கும் தனிச் சோதனைச் சூழல் ஒன்று அவர்களுக்குத் தேவைப்படுகிறது.

இவ்வகை மென்பொருள்களுள் பரவலாக வழங்குவது ஓப்பன்ஸ்டாக். நாசாவும் ராக்ஸ்பேஸ் நிறுவனமும் இணைந்து 2010-இல் தொடங்கிய இத்திட்டம், ஒரே மென்பொருளாக அன்றித் தனித்தனியே இயங்கி ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ளும் பல சேவைகளின் தொகுதியாக வளர்ந்தது. பயனர் யாரென்று உறுதிப்படுத்துவது கீஸ்டோன். மெய்நிகர் கணினிகளை உருவாக்கி இயக்குவது நோவா. அவற்றின் வலையமைப்பைக் கவனிப்பது நியூட்ரான். இயங்குதளப் படிமங்களைச் சேமித்து வழங்குவது கிளான்ஸ். வட்டுகளை ஒதுக்கித் தருவது சின்டர். எந்தச் சர்வரில் எவ்வளவு இடம் மிச்சமுள்ளது எனக் கணக்கு வைப்பது பிளேஸ்மென்ட். இவை அனைத்தையும் உலாவியில் காட்டுவது ஹொரைசன். இவற்றை ஒரே கணினியில் நிறுவித் தரும் நிரல்தொகுப்பே டெவ்ஸ்டாக். இதனை அமைத்துப் பழகியோரின் அனுபவங்கள் பெரும்பாலும் ஒரே முடிவில் வந்து சேர்கின்றன: இச்சூழல் எப்போது வேண்டுமானாலும் அழித்துவிட்டு மீண்டும் எழுப்பத்தக்கதாக இருக்க வேண்டும், பாதுகாக்க வேண்டியது அதை எழுப்பும் முறையைப் பதிந்து வைத்த கோப்பையே. கீழே கூறப்படும் நடைமுறைகள் யாவும் இந்த ஒரு கொள்கையிலிருந்து பிறப்பவை.

கணினியைத் தேர்தல்

மெய்நிகர் கணினி என்பது உண்மையான ஒரு கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கப்படும் மற்றொரு கணினி. லினக்ஸில் இதனைச் செய்வது 2007-இல் கருவத்தின் 2.6.20 பதிப்புடன் சேர்க்கப்பட்ட கேவிஎம் என்னும் பகுதியாகும். இது விரைவாக இயங்க வேண்டுமெனில் செயலியிலேயே அதற்கான வசதி இருக்க வேண்டும். இன்டெல் செயலியில் விஎம்எக்ஸ் என்றும், ஏஎம்டி செயலியில் எஸ்விஎம் என்றும் இவ்வசதி குறிக்கப்படுகிறது. செயலியின் விவரக் கோப்பில் இவ்விரண்டில் ஒன்று இல்லையெனில், பயாஸில் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். டெவ்ஸ்டாக்கையே ஒரு மெய்நிகர் கணினிக்குள் நிறுவுவதானால், வெளிக் கணினி இவ்வசதியை உள்ளே கடத்திவிடும்படி அமைக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையேல் உள்ளே உருவாகும் கணினிகள் கியூஎம்யூவின் வெறும் மென்பொருள் முறையில் இயங்கி, வேலையே நின்றுவிட்டது போல் தோன்றும் அளவுக்கு மெதுவாகின்றன.

நினைவகத்தைப் பொறுத்தவரை, சேவைகளே கணிசமான பகுதியை எடுத்துக்கொள்வதால், 8 ஜிபி என்பது நெருக்கடியான அளவாகவும், 16 ஜிபி வசதியான அளவாகவும் நடைமுறையில் அமைகின்றன. இருக்கும் நினைவகத்துக்கு மேலாகவே மெய்நிகர் கணினிகளுக்குப் பங்கிட்டுத் தர நோவா அனுமதிக்கக்கூடும். நெடுங்காலம் ஒரு செயலிக் கருவை 16 பங்காகவும், நினைவகத்தை ஒன்றரை மடங்காகவும் கணக்கிடுவதே அதன் இயல்பு அமைப்பாக இருந்தது. பிந்தைய பதிப்புகள் இவ்வளவைக் குறைத்தன. காகிதத்தில் இடமிருப்பதாகக் காட்டும் இக்கணக்கை நம்பிச் சிறிய கணினியில் பல மெய்நிகர் கணினிகளைத் தொடங்குவோர், இயங்குதளம் நினைவகப் பற்றாக்குறையால் தரவுத்தளச் சேவையையே நிறுத்திவிடுவதைக் காண நேரும்.

நிறுவலும் அமைப்புக் கோப்பும்

டெவ்ஸ்டாக் தான் நிறுவப்படும் கணினியில் பெரும் மாற்றங்களைச் செய்வதால், அன்றாட வேலைக்குப் பயன்படும் மடிக்கணினியில் நேரடியாக அதனை நிறுவுதல் கூடாது. உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பொன்றைப் புதிதாக நிறுவிய தனி மெய்நிகர் கணினியே ஏற்றது. நிறுவல் நிரல் ரூட் பயனராக இயங்க மறுப்பதால், ஸ்டாக் என்னும் பெயரில் தனிப் பயனர் ஒருவரை உருவாக்கி, கடவுச்சொல் கேட்காமலே நிர்வாக ஆணைகளை இயக்கும் உரிமையை அவருக்கு வழங்க வேண்டும். புதிய உபுண்டு பதிப்புகள் பயனரின் முகப்புக் கோப்புறையைப் பிறர் நுழையாதபடி மூடிவைப்பதால், அக்கோப்புறைக்குள் பிற சேவைகள் கடந்து செல்வதற்கான அனுமதியையும் சேர்த்தாக வேண்டும். இச்சிறு படியைத் தவறவிடுவது நிறுவல் பாதியில் முறிவதற்கான காரணங்களுள் ஒன்று.

அமைப்புகள் அனைத்தும் லோக்கல் கான்ஃப் என்னும் ஒரே கோப்பில் எழுதப்படுகின்றன. நிர்வாகி, தரவுத்தளம், சேவைகள், அவற்றிடையே செய்திகளைக் கடத்தும் ராபிட் எம்க்யூ ஆகிய நான்குக்குமான கடவுச்சொற்களே அதில் குறைந்த அளவு இருக்க வேண்டியவை. இவற்றில் எழுத்துகளையும் எண்களையும் மட்டுமே பயன்படுத்த வேண்டும். சிறப்புக் குறியீடுகள் சில சேவைகளில் தவறாகப் படிக்கப்பட்டு, காரணம் எளிதில் புலப்படாத பிழைகளை உண்டாக்குகின்றன. கணினியின் ஐபி முகவரியையும் இக்கோப்பிலேயே வெளிப்படையாக எழுதிவிடுவது நன்று. ஏனெனில் சேவைகள் தத்தம் முகவரிகளை நிறுவலின்போது பதிவு செய்துகொள்கின்றன, பின்னர் ரூட்டர் அக்கணினிக்கு வேறொரு முகவரியைக் கொடுத்துவிட்டால் அவை ஒன்றையொன்று கண்டுபிடிக்க முடியாமல் போகும்.

எந்தப் பதிப்பை நிறுவுவது என்பது அடுத்த முடிவு. வளர்ச்சிக் கிளையின் நிரல் இடைவிடாமல் மாறிக்கொண்டிருப்பதால், நேற்று நிறுவ முடிந்தது இன்று நிறுவ முடியாமல் போகலாம். ஓப்பன்ஸ்டாக்கின் நிரலையே திருத்துவோருக்கு அக்கிளை இன்றியமையாதது; அதன் மேல் தம் பயன்பாட்டை ஓட்டிப் பார்ப்போருக்கு நிலைக்கிளை ஒன்றே போதுமானது. குழுவில் உள்ள அனைவரும் ஒரே கிளையையும் ஒரே அமைப்புக் கோப்பையும் பயன்படுத்தி, அக்கோப்பைக் கிட் களஞ்சியத்தில் வைத்திருந்தால், ஒருவர் கணினியில் தோன்றும் பிழையை மற்றவர் தம் கணினியில் மீண்டும் உண்டாக்கிப் பார்க்க முடியும்.

வலையமைப்பு

சிக்கல்களில் பெரும்பங்கு எழும் இடம் வலையமைப்பே. டெவ்ஸ்டாக்கில் மெய்நிகர் கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் உள் வலையமைப்பு ஒன்றும், வெளியிலிருந்து அவற்றை அடைவதற்கான மிதக்கும் முகவரிகளின் தொகுதி ஒன்றும் உண்டு. மிதக்கும் முகவரி என்பது எந்த மெய்நிகர் கணினியோடும் பிணைத்து, வேண்டாதபோது பிரித்து வேறொன்றுக்கு மாற்றிக்கொள்ளத்தக்க முகவரி. இயல்பாக உள் வலையமைப்பு 10.0.0.0/22 என்னும் தொகுதியிலிருந்தும், மிதக்கும் முகவரிகள் 172.24.4.0/24 என்னும் தொகுதியிலிருந்தும் எடுக்கப்படுகின்றன. அலுவலக வலையமைப்போ விபிஎன் இணைப்போ 10-இல் தொடங்கும் முகவரிகளை ஏற்கெனவே பயன்படுத்தி வந்தால் இரண்டும் மோதிக்கொள்ளும்; அப்போது மெய்நிகர் கணினிக்குச் செல்ல வேண்டிய தரவு அலுவலகச் சர்வரை நோக்கிப் போய்விடும். ஆகவே நிறுவலுக்கு முன்பே சுற்றியுள்ள முகவரிகளைப் பட்டியலிட்டு, அவற்றில் படாத தொகுதியை அமைப்புக் கோப்பில் குறிப்பிட வேண்டும்.

முதல் மெய்நிகர் கணினி இயங்கத் தொடங்கியதும் அதற்குப் பிங் அனுப்பிப் பார்த்துப் பதில் வராததைக் கண்டு, நிறுவல் தோற்றுவிட்டதாக முடிவு செய்வோர் பலர். உண்மையில், பாதுகாப்புக் குழு எனப்படும் விதித்தொகுப்பு, வெளியிலிருந்து வரும் எதையும் இயல்பாகவே தடுத்து வைக்கிறது. பிங்குக்கான ஐசிஎம்பியையும் எஸ்எஸ்எச்சுக்கான 22-ஆம் போர்ட்டையும் அனுமதிக்கும் விதிகளைச் சேர்த்தவுடன் பெரும்பாலும் தொடர்பு கிடைத்துவிடும். மேலும், மிதக்கும் முகவரிகள் இயல்பு அமைப்பில் டெவ்ஸ்டாக் இயங்கும் கணினியிலிருந்து மட்டுமே எட்டத்தக்கவை. பக்கத்து மேசையிலுள்ள கணினியிலிருந்து அவற்றை அடைய முடியாதது பிழையாகாது.

இதனினும் நுட்பமானது எம்டியூ, அதாவது ஒரே பொட்டலமாக அனுப்பத்தக்க தரவின் உச்ச அளவு. ஈதர்நெட்டில் இது 1500 பைட்டு. உள் வலையமைப்பின் ஒவ்வொரு பொட்டலமும் வேறொரு பொட்டலத்துக்குள் இட்டு அனுப்பப்படுவதால், மேலுறைக்கான இடம் போக எஞ்சுவது, விஎக்ஸ்லான் முறையில் 1450 பைட்டாகவும், ஓவிஎன் பயன்படுத்தும் ஜெனீவ் முறையில் 1442 பைட்டாகவும் குறைகிறது. நியூட்ரான் இதனைத் தானே கணக்கிட்டு மெய்நிகர் கணினிகளுக்கு அறிவிக்கிறது. ஆனால் அக்கணினிக்குள் டாக்கர் போன்றவற்றை நிறுவும்போது அவை தம் வலையமைப்பை 1500 என்றே வைத்துக்கொள்ளக்கூடும். பிங் வேலை செய்கிறது, எஸ்எஸ்எச் நுழைகிறது, ஆனால் பெரிய கோப்பு இறங்கும்போது மட்டும் இணைப்பு உறைந்துவிடுகிறது என்றால், முதலில் ஐயுற வேண்டியது இவ்வளவையே.

படிமங்களும் பதிவேடுகளும்

சூழல் சரியாக இயங்குகிறதா என்று பார்க்க, சோதனைக்கென்றே செய்யப்பட்ட சிரோஸ் என்னும் மிகச் சிறிய படிமம் போதும். உபுண்டு முதலியவற்றின் மேகப் படிமங்களில் கடவுச்சொல் எதுவும் வைக்கப்படுவதில்லை. கணினி தொடங்கும்போது கிளவுட் இனிட் என்னும் நிரல் 169.254.169.254 என்னும் முகவரியைத் தொடர்புகொண்டு, பயனரின் பொதுத் திறவியைப் பெற்றுத் தன்னுள் பதித்துக்கொள்கிறது. எனவே திறவியைக் குறிப்பிடாமல் தொடங்கிய கணினிக்குள் பின்னர் நுழைவது அரிது. சோதனைகள் பெருகும்போது நோவாவின் இயல்பு வரம்பான 10 மெய்நிகர் கணினிகள், 20 கருக்கள் என்பவையும் குறுக்கிடும். நிர்வாகி இவற்றை உயர்த்திக்கொள்ளலாம்.

மெய்நிகர் கணினி உருவாகாதபோது திரையில் தோன்றும் செய்தி, தகுந்த சர்வர் எதுவும் கிடைக்கவில்லை என்று மட்டுமே கூறும். இது விளைவைச் சொல்கிறதேயன்றிக் காரணத்தைச் சொல்வதில்லை. நினைவகப் பற்றாக்குறை, நின்றுபோன கணிமைச் சேவை, பிளேஸ்மென்ட்டில் பதிவாகாத வளம் ஆகிய எதுவும் இச்செய்தியை வரவழைக்கலாம். டெவ்ஸ்டாக்கின் சேவைகள் சிஸ்டம்டியின் கீழ் இயங்குவதால், ஜர்னல் கட்டளையின் மூலம் ஒவ்வொரு சேவையின் பதிவேட்டையும் தனித்தனியே படிக்க முடியும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அடையாள எண் வழங்கப்படுகிறது. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு நோவா, பிளேஸ்மென்ட், நியூட்ரான் என ஒவ்வொரு பதிவேடாகத் தேடிச் செல்வதே காரணத்தை அடையும் குறுக்கு வழி.

மறுதொடக்கமும் பாதுகாப்பும்

கணினியை அணைத்து மீண்டும் தொடங்கிய பின்னும் எல்லாம் முன்போல் இயங்கும் என்று டெவ்ஸ்டாக் உறுதி கூறுவதில்லை. சான்றாக, சின்டர் பயன்படுத்தும் வட்டு உண்மையில் ஒரு கோப்பைச் சுழல் சாதனமாக இணைத்துக் காட்டப்படுவது. மறுதொடக்கத்துக்குப் பின் அவ்விணைப்பு அறுந்துபோகலாம். இவற்றை ஒவ்வொன்றாகச் சரிசெய்து கொண்டிருப்பதைவிட, நிறுவலைக் களையும் நிரலை இயக்கிவிட்டு மறுபடியும் நிறுவுவதே நேரத்தை மிச்சப்படுத்தும். இணைய வேகத்தைப் பொறுத்து இதற்குப் பத்து நிமிடம் முதல் அரை மணி நேரம் வரை ஆகும். இயங்குதளம் மட்டும் நிறுவிய நிலையிலும், நிறுவல் முழுமையடைந்த நிலையிலும் வெளிக் கணினியில் ஒவ்வொரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டால் இந்நேரம் மேலும் குறையும். உள்ளே உருவாக்கும் வலையமைப்பு, திறவி, விதிகள் ஆகியவற்றையும் கையால் செய்யாமல் டெராஃபார்ம் அல்லது ஆன்சிபிள் கோப்பாக எழுதிவிட வேண்டும்.

எளிய கடவுச்சொற்களும், குறியாக்கமில்லாத உலாவிப் பக்கமும், கடவுச்சொல் இல்லாத நிர்வாக உரிமையும் கொண்ட இச்சூழலைப் பொது இணையத்தை நோக்கித் திறந்து வைத்தல் ஆகாது. தொலைவிலிருந்து அணுக வேண்டுமெனில் எஸ்எஸ்எச் சுரங்கத்தின் வழியே அணுகலாம். நிலையான பயன்பாட்டுக்குக் கோலா ஆன்சிபிள் போன்ற வேறு நிறுவல் முறைகள் இருக்கின்றன. டெவ்ஸ்டாக்கையே வளர்த்து அந்த இடத்துக்குக் கொண்டுசெல்ல முயல்வது வீண். சோதனைச் சூழல் செம்மையாக அமைந்திருக்கிறதா என்பதற்கு ஒரே அளவுகோல், அதனை முற்றிலும் அழித்துவிட்டுக் களஞ்சியத்தில் உள்ள கோப்புகளை மட்டும் கொண்டு குழுவின் புதிய உறுப்பினர் ஒருவர் பிறர் உதவியின்றி மீண்டும் எழுப்ப முடிகிறதா என்பதே. இச்சோதனையைச் சூழல் பழுதாகும் வரை காத்திராமல், அது நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும்போதே ஒருமுறை செய்து பார்ப்பது நல்லது.