முகத்தை மறைக்கும் ஒளியும் முகத்தைக் காட்டும் ஒளியும்

(இயற்பியல் மூன்றாமாண்டு மாணவி ஒருவர்)

முன்னுரை

இருளில் பொருள்கள் தெரிவதில்லை. ஒளி வந்தால் தெரிகின்றன. இது சிறு குழந்தையும் அறிந்த உண்மை. ஆனால் ஒளி பட்டதனாலேயே ஒரு முகம் தெரியாமற் போவதும் உண்டு. இதனை நான் பாடநூலில் கற்கவில்லை. எங்கள் வீட்டுச் சுவரில் மாலையுடன் தொங்கும் ஒரு படத்திலிருந்து கற்றேன்.

என் தாய்வழித் தாத்தா காலமானபோது, சட்டமிட்டு மாட்டத் தகுந்த படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. உறவினர் திருமணம் ஒன்றில் எடுத்த குழுப்படத்திலிருந்து அவர் முகத்தை மட்டும் பிரித்துப் பெரிதாக்கினார்கள். நெற்றியும் மூக்கும் சுண்ணாம்பு தடவியதுபோல் வெளுத்திருந்தன. கண்மணிகள் செக்கச் சிவந்திருந்தன. காதுக்குப் பின்னால் சுவரில் மைபோன்ற கரிய நிழல். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் தாய், "இது எங்கப்பா மாதிரியே இல்லையே" என்பார். அம்மாச்சிக்கும் அப்படி நேர்ந்துவிடக்கூடாது என்ற எண்ணமே என்னை இந்தக் கலையின் பக்கம் திருப்பியது. வீட்டுக்குள் எடுக்கும் முகப்படத்திற்குப் பிளாஷ் விளக்கை எவ்வாறு பயன்படுத்தவேண்டும் என்பதை நான் செய்த தவறுகளோடு சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

பிளாஷ் வந்த வழி

1887ஆம் ஆண்டு ஜெர்மனியைச் சேர்ந்த அடால்ஃப் மீத்தே, யோஹன்னஸ் கேடிக்கே என்ற இருவர் மக்னீசியத் தூள் கலந்த வெடிப்பொடியை எரித்துப் படம் எடுக்கும் முறையை வெளியிட்டனர். நியூயார்க் நகரத்து ஏழைகளின் இருண்ட அறைகளை அவ்வகைப் பொடியின் ஒளியிலேயே ஜேக்கப் ரீஸ் படம் பிடித்து, 1890இல் நூலாக்கினார். பொடியில் புகையும் தீ விபத்தும் இருந்தன. பின்னர் ஒருமுறை மட்டும் எரியும் பல்புகள் வந்தன. 1930களில் அமெரிக்கப் பேராசிரியர் ஹெரால்டு எட்கர்டன் மின்னணு ஒளிவீச்சு முறையை வளர்த்தெடுத்தார். இன்று காமிராவின் தலையில் பொருத்தும் பிளாஷ் அந்த வழியில் வந்ததே.

இதன் இயக்கம் நம் ஆய்வுக்கூடத்திற்குப் புதிதன்று. நான்கு சிறிய பாட்டரிகளின் மின்னழுத்தம் ஏறத்தாழ 300 வோல்ட்டாக உயர்த்தப்பட்டு, ஒரு மின்தேக்கியில் சேமிக்கப்படுகிறது. பொத்தானை அழுத்தியதும் செனான் வாயு அடைத்த குழாயினூடே அந்த மின்சாரம் பாய்ந்து, ஆயிரத்தில் ஒரு வினாடி அளவோ அதற்கும் குறைவாகவோ ஒளி வீசுகிறது. அணைத்த பின்னும் மின்தேக்கியில் மின்னேற்றம் தங்கியிருக்கும். ஆகவே பழுதான பிளாஷை ஆர்வத்தால் திறந்து பார்க்கும் வேலையை எவரும் செய்யவேண்டா.

முதல் தவறு: நேர் ஒளி

திருமணங்களுக்குப் படம் எடுக்கும் என் மாமாவிடம் காமிராவையும் பிளாஷையும் இரவல் வாங்கிக்கொண்டு, சென்ற பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போனேன். அம்மாச்சி எளிதில் இணங்கவில்லை. "ஏன் தாயி, சுவத்துல மாட்டறதுக்கு இப்பவே அவசரமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. "எம் புருசனை வெள்ளைக்காரன் மாதிரி ஆக்குனீங்களே, அப்படி ஆக்காம எடுப்பியா?" என்றார் அடுத்தபடியாக. எடுப்பேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஆனால் முதற்படத்திலேயே அந்த வாக்குத் தவறிப்போயிற்று. பிளாஷை அவர் முகத்துக்கு நேரே வீசினேன். மூக்குக்கண்ணாடியில் இரண்டு வெண்பொட்டுகள் எரிந்தன. நெற்றியின் எண்ணெய்ப் பசை கண்ணாடிபோல் மின்னியது. அறுபது ஆண்டுகளாக வயல் வெயிலில் விழுந்த சுருக்கங்களில் ஒன்றைக்கூடக் காணவில்லை.

காரணம் என்ன? பிளாஷின் முகப்பு ஏறத்தாழ உள்ளங்கை அகலமே உள்ளது. ஒளிமூலம் சிறிதானால் கருநிழல் மட்டும் விழும். பெரிதானால் அதைச் சுற்றிப் புறநிழலும் சேர்ந்து, விளிம்பு மெல்லக் கரையும் என்று கிரகணப் பாடத்தில் படித்தோம் அல்லவா? முகத்திலும் அதுவே நடக்கிறது. மேலும், காமிரா பார்க்கும் திசையிலிருந்தே ஒளி சென்றால், மேடு பள்ளங்களின் நிழல் நம் கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் மறைந்துவிடுகிறது. நிழலில்லாத முகம் தட்டையாகிறது. ஒளி லென்சை ஒட்டியே போவதால் கண்ணின் விழித்திரையில் பட்டு நேரே திரும்பி வந்து, கண்மணி சிவப்பாகத் தோன்றுகிறது. தாத்தாவின் படத்தில் நேர்ந்தது இதுதான்.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. வீட்டுக்குள் எடுக்கும் முகப்படத்தில் பிளாஷ் முகத்தைப் பார்க்கக்கூடாது; ஒரு பெரிய வெள்ளைப் பரப்பைப் பார்க்கவேண்டும். அந்தப் பரப்பே முகத்திற்கு விளக்காகும். தலைப்பகுதி மேலும் பக்கவாட்டிலும் திரும்பும் தனிப் பிளாஷ் தேவைப்படுவதும் இதற்காகத்தான்.

இரண்டாம், மூன்றாம் தவறுகள்: கூரையும் சுவரும்

விதி தெரிந்ததும் பிளாஷை மேலே திருப்பினேன். காரைக் கட்டட அறையில் வெள்ளை மேற்கூரை இருந்தால் இது நல்ல முறை. அம்மாச்சி வீடோ ஓட்டு வீடு. புகைபடிந்த ஓடு பெரும்பகுதி ஒளியை விழுங்கிக்கொண்டு, மிச்சத்தைச் செம்மையாகத் திருப்பி அனுப்பியது. படம் இருண்டது. கண்குழிகளிலும் நிழல் தேங்கியது.

அடுத்துப் பக்கச் சுவரில் வீசினேன். அது பச்சை வண்ணம் பூசிய சுவர். பச்சைப் பரப்பு பச்சை ஒளியையே மிகுதியாகத் திருப்பும் என்பதை மறந்துவிட்டேன். படத்தில் அம்மாச்சி நெடுநாள் நோயாளிபோல் காட்சியளித்தார். நீலமும் பச்சையும் ரோஜா நிறமும் பூசிய நம் ஊர் வீடுகளில் இதை ஒவ்வொருவரும் நினைவில் கொள்ளவேண்டும்.

நான்காம் முறை: வேட்டி

வெள்ளைப் பரப்புக்கு எங்கே போவது? கடையில் விற்கும் வெள்ளைக் குடையோ தெர்மோகோல் அட்டையோ இருந்தால் போதும். அங்கு இரண்டும் இல்லை. என் திண்டாட்டத்தைப் பார்த்த அம்மாச்சி, டிரங்குப் பெட்டியைத் திறந்து தாத்தாவின் வேட்டி ஒன்றை எடுத்துத் தந்தார். அதனை இரண்டாக மடித்து, துணி காயப்போடும் கொடியில், அவர் அமர்ந்த இடத்திற்குச் சாய்வாக இடப்பக்கம் தொங்கவிட்டேன். கொடி அவர் கண்மட்டத்திற்குச் சற்று உயரத்தில் இருந்தது.

இனிக் கணக்கு. பிளாஷின் வலிமையைக் கைடு நம்பர் என்ற எண்ணால் குறிப்பர். அதை மீட்டர்க் கணக்கில் தொலைவால் வகுத்தால் லென்சின் எப் எண் கிடைக்கும். மாமாவின் பிளாஷுக்கு ஐ.எஸ்.ஓ. 100இல் அந்த எண் 40. தொலைவு என்பது முகத்திற்கும் காமிராவிற்கும் இடைப்பட்டதன்று. ஒளி நடந்த வழி முழுவதும் ஆகும். பிளாஷிலிருந்து வேட்டிக்கு 1.2 மீட்டர், வேட்டியிலிருந்து முகத்திற்கு 1.3 மீட்டர், ஆக 2.5 மீட்டர். 40ஐ 2.5ஆல் வகுத்தால் 16. துணி சிதறடிக்கும் ஒளிக்காக இரண்டு படி இறங்கவேண்டும்: 16, 11, 8. பிளாஷின் ஆற்றலைப் பாதியாக வைத்ததால் மேலும் ஒரு படி இறங்கி 5.6இல் நின்றேன். இது தொடக்கக் கணக்கே. ஒரு படம் எடுத்துப் பார்த்து அரைப்படி ஏற்றலாம், இறக்கலாம்.

ஷட்டர் வேகம் பிளாஷ் ஒளியைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. பிளாஷ் அதற்குள் மின்னி முடிந்துவிடுகிறது. அது அறையில் முன்பே உள்ள ஒளியை மட்டும் ஆளுகிறது. 1/200 வினாடியில் பின்னணி இருண்டு கிடந்தது. 1/60 வைத்ததும் சன்னல் வெளிச்சமும் அடுக்குப்பானைகளும் மெல்லத் தெரிந்தன. ஆனால் பல காமிராக்களில் 1/200 அல்லது 1/250க்கு மேல் சாதாரண முறையில் போனால் படத்தின் ஒரு பகுதி கறுத்துவிடும்.

நிறம் பற்றி ஒரு சொல்

காமிராவின் தானியங்கி அளவி, தான் காணும் காட்சியை நடுத்தரச் சாம்பல் நிறமாக எண்ணிக் கணக்கிடுகிறது. கரிய முகமும் இருண்ட பின்னணியும் கண்டால் ஒளி போதாது என்று கருதி மேலும் வீசுகிறது. கறுப்பு வெளுக்கிறது. அதைக் கண்டு "நல்லா வந்திருக்கு" என்று மகிழ்வோரும் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. வெயிலில் உழைத்த முகத்தின் நிறம் திருத்தவேண்டிய பிழை அன்று. ஆகவே தானியங்கியை நிறுத்திவிட்டு, ஆற்றலைக் கையால் வைப்பதே நன்று. பக்கத்திலிருந்து வரும் மென்மையான ஒளி கரிய தோலின் மேல் மெதுவாக வழுக்கிச் செல்லும்போது, கன்னத்தின் வடிவும் சுருக்கங்களின் ஆழமும் தாமே வெளிப்படுகின்றன.

மூக்குக்கண்ணாடி மின்னாமலிருக்க ஒரு வழி உண்டு. படுகோணமும் மீள்கோணமும் சமம் என்பதால், ஒளிப் பரப்பைச் சற்றே பக்கம் நகர்த்தினால், அல்லது முகத்தைச் சிறிது தாழ்த்தச் சொன்னால், மின்னல் காமிராவின் பக்கம் வாராது ஒதுங்கிவிடும்.

முடிவுரை

ஏழாவது படம் சரியாக அமைந்தது. காமிராவின் சிறு திரையில் அதை அம்மாச்சியிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "இது நாந்தான்" என்றார். வேட்டியை மடித்துப் பெட்டியில் வைக்கும்போது, "உங்க தாத்தாவையும் இப்படி ஒண்ணு எடுத்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

நம்மில் பலரிடம் இன்று கைப்பேசி இருக்கிறது. அதன் விளக்கும் லென்சை ஒட்டியே இருப்பதால் நேர் ஒளியின் குறைகள் அதற்கும் உண்டு. எனவே தனிப் பிளாஷ் கிட்டாதவர்கள் அவ்விளக்கை அணைத்துவிட்டு, முகத்தைச் சன்னலின் பக்கம் திருப்பி, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்தாலே பாதிப் பயன் கிடைக்கும். நண்பர்களே, அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும்போது வீட்டுப் பெரியவர்களை உட்காரவைத்து, அவர்கள் சம்மதத்தோடு ஒரு படம் எடுங்கள். சுவரில் மாட்டுவதற்காக அன்று. அவர்களே பார்த்து, இது நான்தான் என்று சொல்வதற்காக.