மஞ்சளும் புற்றுநோயும்

"மஞ்சள் சாப்பிட்டால் புற்றுநோய் கரையுமாமே?" என்று நம் சங்கத்து அன்பர்கள் சிலர் கேட்கிறார்கள். நான் டாக்டர் அல்லன்; ரயில்வேயில் பொறியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். என் மனைவிக்கு மார்பில் கட்டி வந்தபோது படித்தறிந்ததைச் சொல்கிறேன்.

சரக்கு வராத ஊர் வளராது. கட்டியும் அப்படியே. புதிய ரத்தக் குழாய்கள் இல்லாமல் அது ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் பெருக்காது. ஆகவே அருகிலுள்ள குழாய்களிலிருந்து தனக்கென்று கிளைப்பாதை போட்டுக்கொள்கிறது. அதைத் தடுத்தால் கட்டியை அடக்கலாம் என்று 1971-இல் பாஸ்டன் நகர டாக்டர் ஜூடா ஃபோக்மன் எழுதினார். அவ்வழியில் வந்த பெவாசிசுமாப் ஊசிமருந்துக்கு 2004-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

மஞ்சளிலுள்ள குர்குமினும் சோதனைக்கூடத்தில் இக்குழாய்களின் வளர்ச்சியைக் குறைக்கிறது. ஆனால் மஞ்சள்தூளில் அது நூற்றுக்கு மூன்று பங்கு அளவே. அதிலும் ரத்தத்தில் சேர்வது சொற்பம். மிளகிலுள்ள பைப்பரின் சேர்ந்தால் பன்மடங்கு கூடுகிறது என்று 1998-இல் பெங்களூர் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதே பைப்பரின் மற்ற மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் ஏற்றிவிடக்கூடும். ஆபத்து அங்கேதான்.

நான் ஆசையாக வாங்கிவந்த குர்குமின் மாத்திரையை டாக்டரிடம் காட்டினேன். "சிகிச்சை முடியும்வரை வேண்டாம், குழம்பில் போடும் மஞ்சள் போதும்" என்றார். அப்படியே செய்தோம்.

அன்பர்களே, எதைச் சாப்பிட்டாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். மஞ்சளை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.